வீட்டு மேசையில் எட்டு மணி நேரம்: உடம்பும் வேலையும் கெடாமல் இருக்க

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வரும் கழுத்துவலி, மாலைத் தலைவலி, நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றும் முடியாத அலுப்பு எல்லாவற்றுக்கும் "ஒழுங்கு போதாது" என்று ஒரே காரணம் சொல்லிவிடுகிறார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் அதைவிடச் சாதாரணமானது. அலுவலகம் நம்மைக் கேட்காமலே சில காரியங்களைச் செய்துவந்தது. காலையில் வெளிச்சத்தில் நடக்கவைத்தது. மீட்டிங் அறைக்கு எழுப்பி அனுப்பியது. சாப்பாட்டு நேரத்தில் மேசையை விட்டு நகர்த்தியது. மாலையில் விளக்கை அணைத்து வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் இதையெல்லாம் செய்ய ஆளில்லை. மன உறுதியால் ஈடுகட்டப் பார்த்தால் இரண்டு வாரம் தாங்கும். பொருள்களையும் நேரத்தையும் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், பிறகு மன உறுதிக்கு அதிக வேலை இருக்காது.

மேசையும் நாற்காலியும்

சரிசெய்யும் வரிசை முக்கியம். பலர் முதலில் திரையைத் தூக்கி வைக்கிறார்கள். பிறகு நாற்காலியை மாற்றும்போது செய்ததெல்லாம் வீணாகிறது. உயரம் மாறாத மேசை என்றால் முழங்கையிலிருந்து தொடங்குங்கள். தோள்களைத் தளர்த்தி, மேல்கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்குங்கள். முன்கை இருக்கும் உயரமும் கீபோர்டின் உயரமும் ஒன்றாக வரும்வரை நாற்காலியை ஏற்றுங்கள்.

வழக்கமான மேசையின் உயரம் 73 முதல் 75 சென்டிமீட்டர். சுமார் 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், அவர் முழங்கை ஏறக்குறைய 62 முதல் 65 சென்டிமீட்டரில்தான் இருக்கும். மேசை பத்து சென்டிமீட்டர் அதிகம். அந்தப் பத்து சென்டிமீட்டரை அவர் தோளைத் தூக்கி ஈடுகட்டுகிறார், அதுவும் தன்னை அறியாமல், நாள் முழுக்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கல்போல இறுகும் வலிக்கு இதுதான் பெரும்பாலும் மூலம். தசை விடாமல் இறுகியே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும். கனமான எதையும் தூக்காமலே தசை களைத்துப்போகும்.

நாற்காலியை ஏற்றியதும் கால் தரையை விட்டு எழும்பினால், பாதத்துக்கு அடியில் உறுதியான பெட்டியோ தடித்த புத்தகக் கட்டோ வையுங்கள். தொடை ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருக்கவேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் இன்னும் நல்லது. கால் தொங்கினால் இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், கால் மரத்துப்போகும். இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து உடலை முன்னே கொண்டுவரலாம்.

கீழ்முதுகுக்குத் தாங்கல் இல்லாத மரநாற்காலிதான் இருக்கிறது என்றால், ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். சாய்ந்தால் முதுகின் இயல்பான உள்வளைவு நிரம்பவேண்டும், அவ்வளவுதான். வயிறு முன்னே தள்ளப்பட்டால் சுருள் தடிமன் அதிகம். உட்கார மெத்தை போடுவதாக இருந்தால் கெட்டியானதைப் போடுங்கள். அமுங்கும் மெத்தையில் இடுப்பு பின்பக்கம் சரிந்து, முதுகு கூன்போடும். சாய்மானத்தைச் செங்குத்தாக வைக்கத் தேவையில்லை. இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையே 100 முதல் 110 பாகை கோணம் வரும்படி பின்னே சாய்ந்தால் முதுகெலும்பின் மேல் விழும் பாரத்தில் ஒரு பகுதியைச் சாய்மானம் வாங்கிக்கொள்ளும். "நிமிர்ந்து உட்கார்" என்ற பள்ளிக்கூட அறிவுரையை நாள் முழுக்கக் கடைப்பிடிப்பவர்களுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

உடற்பயிற்சிப் பந்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்வது படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நீண்ட நேரத்துக்கு அது உதவாது: சாய்மானம் இல்லை, கைதாங்கி இல்லை, களைத்ததும் உடல் குழைந்துவிடும்.

லேப்டாப் என்ற சிக்கல்

லேப்டாப்பில் கீபோர்டும் திரையும் ஒட்டியே இருப்பதால் இரண்டில் ஒன்றுதான் சரியான உயரத்தில் இருக்கும். கைக்கு ஏற்ப வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்பத் தூக்கினால் தோள் உயர்கிறது. தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்து கிலோ. அது முன்னே சாயச் சாய, அதைப் பிடித்து நிறுத்தும் பின்கழுத்துத் தசைகளின் மேல் பாரம் பல மடங்காகிறது. ஆகவே தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் லேப்டாப்பில் வேலை என்றால் தனிக் கீபோர்டும் தனி மவுஸும் வாங்கிவிடுங்கள். விலையுயர்ந்த நாற்காலியை மாதக்கணக்கில் தேடுவதைவிட இந்த இரண்டும் உடனே பலன் தரும்.

பிறகு லேப்டாப்பைப் புத்தகங்களின் மேல் ஏற்றுங்கள். பெரும்பாலோருக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் தேவைப்படும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கவேண்டும். தூரம், கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் அளவு, அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர். திரையின் மேல்பகுதி உங்களை விட்டுச் சற்றுப் பின்னே சாய்ந்திருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகும் படிக்க முன்னே குனிகிறீர்கள் என்றால் எழுத்து சிறியது என்று பொருள். திரையைக் கிட்டே இழுக்காமல் எழுத்தளவை 125 சதவீதமாக்குங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். அவர்களுக்குத் திரை இன்னும் தாழ இருக்கவேண்டும். அதுவும் போதவில்லையென்றால் திரைத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது. பரிசோதனைக்குப் போகும்போது கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதி எடுத்துப்போங்கள்.

கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் சிறிய கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது, நடுவே போகும் நரம்பு அழுந்துகிறது. எண்பகுதி உள்ள அகலமான கீபோர்டு மவுஸை வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிவிடும். எண்களை அதிகம் தட்டாதவர்களுக்குச் சிறிய கீபோர்டே வசதி. மவுஸை மணிக்கட்டால் நகர்த்தாமல் முழங்கையிலிருந்து நகர்த்திப் பழகுங்கள். மவுஸின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் கை போகவேண்டிய தூரமும் குறையும்.

இரண்டு திரை இருந்தால், அதிகம் பார்ப்பது நேர் எதிரே, மற்றது பக்கத்தில். இரண்டையும் சமமாகப் பயன்படுத்தினால் இரண்டின் விளிம்பும் சேரும் இடம் மூக்குக்கு நேராக வரட்டும்.

படுக்கையிலும் சோபாவிலும் வேலை செய்யக்கூடாது என்று தடை போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இருபது நிமிடம் எதையாவது படிக்க அங்கே போகலாம். தட்டச்சு செய்யும் வேலை வந்தால் மேசைக்குத் திரும்புங்கள்.

கண்

திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறைபோல இமைப்பவர், திரைமுன் அதில் பாதிகூட இமைப்பதில்லை. பல சமயம் அரைகுறையாகத்தான் மூடுகிறார். கண்ணீர்ப்படலம் காய்ந்து எரிச்சலும் மங்கலும் வருகின்றன. தவிர, கிட்டத்தைக் கூர்ந்து பார்க்கும் உள்தசை மணிக்கணக்கில் இறுகியே இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு, அதாவது சுமார் 6 மீட்டருக்கு, அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வது இதனால்தான். அப்போதே பத்து முறை கண்ணை முழுதாக, மெதுவாக மூடித் திறந்தால் இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து மருந்து போட்டாயிற்று.

திரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். பிரகாசத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாள் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் திரை அதிகம் ஒளிர்கிறது. திரை அழுக்காகத் தெரிந்தால் போதவில்லை. இருட்டறையில் திரை வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்வதை நிறுத்தினாலே பலருக்கு மாலைத் தலைவலி குறையலாம். மின்விசிறியோ ஏசியோ முகத்தில் நேராக அடித்தால் கண் இன்னும் வேகமாகக் காயும், திசையை மாற்றுங்கள். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, திரையால் வரும் கண்சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடித்தது.

அசைவு

மிகச் சரியாக உட்கார்ந்தாலும் அசையாமல் உட்கார்ந்தால் உடம்பு கெடும். காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. அது சுருங்கி விரிந்தால்தான் அந்த வேலை நடக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஓரிரு நிமிடம் நடப்பது, மாலையில் ஒரு மணி நேரம் மொத்தமாக நடப்பதற்குப் பதிலி ஆகாது. மாலை நடையும் இதற்குப் பதிலி ஆகாது. இரண்டும் வேண்டும்.

அலாரத்தை நம்பாதீர்கள். மூன்றாம் நாளே கை தானாக அதை அணைக்கப் பழகிவிடும். அலாரத்துக்குப் பதிலாக எழவேண்டிய காரணத்தை வீட்டுக்குள் வையுங்கள். பெரிய தண்ணீர்ப்புட்டியை மேசையில் வைக்காமல் ஒரு சின்ன டம்ளர் வையுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை அது காலியாகி உங்களை எழுப்பும், குடித்த தண்ணீர் பின்னால் இன்னொருமுறை எழுப்பும். சார்ஜரை வேறு அறையில் செருகுங்கள். திரை பார்க்கத் தேவையில்லாத அழைப்புகளை எல்லாம் நடந்துகொண்டே பேசுவது என்று வைத்துக்கொண்டால், அழைப்பு அதிகமுள்ள நாள்களில் ஒரு மணி நேர நடை அதிலேயே தேறும்.

நின்று வேலை செய்யும் மேசை உள்ளவர்கள் முதல்நாளே நாலு மணி நேரம் நின்று, மறுநாள் குதிகால் வலியோடு அதை மூலையில் ஒதுக்குகிறார்கள். மணிக்கு 15 நிமிடத்தில் தொடங்கி, சில வாரங்களில் அரைமணி வரை கூட்டுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. நாள் முழுக்க நின்றாலும் கால் நரம்பு புடைப்பதும் முதுகுவலியும் வரும்.

நண்பகலில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் கீழே சொல்வதை முடித்துவிடலாம். முகவாயை உள்ளிழுத்து, பின்கழுத்து நீள்வதுபோல ஐந்து விநாடி பிடிப்பது, பத்து முறை. தலை குனியக்கூடாது, நேர்பின்னால் நகரவேண்டும். இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னே நெருக்கி ஐந்து விநாடி, பத்து முறை. தோள் காதை நோக்கி ஏறினால் தவறு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை. சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது, இருபது முறை. கடைசியாக ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டி, இடுப்பை முன்னே தள்ளுங்கள். பின்காலின் தொடைமுன்புறம் இழுபடும். பக்கத்துக்கு 30 விநாடி போதும். உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் குறுகிப்போகக்கூடிய தசை இது, கீழ்முதுகை முன்னே இழுப்பதும் இதுதான்.

வார அளவில் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: மிதமான உழைப்பு 150 முதல் 300 நிமிடம், கூடவே வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு.

நேரம்

வேலை தொடங்குமுன் பதினைந்து நிமிடம் வீட்டுக்கு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்து இரவுத் தூக்கத்தை நேரத்துக்கு வரவழைக்கிறது. வீட்டு விளக்கின் ஒளி அதற்குப் போதாது, மேகமூட்டமான நாளின் வெளிச்சம்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம். போய்த் திரும்பி வருவதால், அலுவலகம் போன உணர்வும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

திரையைத் திறந்ததும் மின்னஞ்சலைப் பார்க்காதீர்கள். பார்த்தால் அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பிறர் தீர்மானிப்பார்கள். முந்தைய மாலையே, நாளை முதலில் செய்யவேண்டியதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். "அறிக்கை" என்று எழுதினால் போதாது; "அறிக்கையின் மூன்றாம் பகுதியில் செலவு அட்டவணையை நிரப்பு" என்று கை உடனே வேலையில் இறங்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். தொடங்கத் தள்ளிப்போடுவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது குறைவு. என்ன செய்வது என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியிருப்பதே காரணம்.

ஒரு நாளுக்கு மூன்று முக்கிய வேலைக்கு மேல் எழுதாதீர்கள். ஆழ்ந்து செய்யவேண்டியதை உங்கள் மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். ஐம்பது நிமிடம் வேலை, பத்து நிமிடம் இடைவேளை என்பது பலருக்குப் பொருந்தும். வேலையில் இறங்கவே முடியாத நாளில் இருபத்தைந்துக்கு ஐந்து. இடைவேளையில் கைபேசியை எடுத்தால் அது இடைவேளை ஆகாது: கண்ணும் கழுத்தும் அதே நிலையில், மனம் மட்டும் வேறு திரையில்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது. பத்து விநாடியில் படிக்கும் செய்திகூட அதற்குரிய விலையைப் பிறகு வசூலிக்கும். அறிவிப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, செய்திகளை நாளுக்கு மூன்று நாலு முறை, குறித்த நேரத்தில் பாருங்கள். குழுவுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரமென்றால் போன் செய்யலாம் என்றும் சொல்லிவிடுங்கள். கைபேசியைக் கவிழ்த்து வைப்பது போதாது, வேறு அறையில் வைப்பதே பலன் தரும்.

மீட்டிங்குகளை அரைமணிக்குப் பதில் 25 நிமிடம், ஒரு மணிக்குப் பதில் 50 நிமிடம் என்று குறியுங்கள். இல்லையென்றால் ஒன்று முடிந்த விநாடியே அடுத்தது தொடங்கி, கழிவறைக்குப் போகக்கூட இடம் இராது. காணொளியில் உங்கள் முகம் உங்களுக்கே தெரியும் சிறுகட்டத்தை மறைத்துவிடுங்கள். நாள் முழுக்க எதிரில் கண்ணாடி வைத்துப் பேசுவது யாரையும் களைக்கவைக்கும்.

வீட்டாருக்கு "தொந்தரவு செய்யாதே" என்பது தெளிவில்லாத உத்தரவு. கதவு மூடியிருந்தால் தீ விபத்துக்கு மட்டும் தட்டலாம், பாதி திறந்திருந்தால் கேள்வி கேட்கலாம் என்று இரண்டே விதி வையுங்கள். கதவில்லாத இடத்தில் ஹெட்செட் அணிந்திருப்பது அடையாளம். குழந்தைக்கு மணிக்கணக்கு புரியாது. கடிகாரத்தில் பெரிய முள் எங்கே வந்தால் வெளியே வருவீர்கள் என்று காட்டிவிட்டு, சொன்ன நேரத்தில் வெளியே வந்தாகவேண்டும். இரண்டு முறை தவறினால் அந்த விதி செத்துவிடும். ஹெட்செட்டின் ஒலியை 60 சதவீதத்துக்குள் வையுங்கள். சுற்றுச்சத்தத்தை மறைக்க ஒலியைக் கூட்டுவதைவிடக் காதை முழுதாக மூடும் வகை நல்லது.

சாப்பாடு, காபி, காற்று

மேசையில் சாப்பிடாதீர்கள். திரையைப் பார்த்துச் சாப்பிட்டால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது மனத்தில் பதியாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி கை எதையாவது தேடும். கொறிக்கும் பொருள்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். காபியில் உள்ள காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஐந்தாறு மணி நேரம் ஆகும். பகல் இரண்டு மணியோடு நிறுத்தினால் இரவு பத்து மணிக்குள் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். மூடிய சிறிய அறையில் மூச்சுக்காற்றின் கரியமிலவாயு சேர்ந்து மந்தம் வரும். காலையும் மதியமும் பத்து நிமிடம் ஜன்னலையும் கதவையும் சேர்த்துத் திறந்தால் காற்று மாறிவிடும். தண்ணீர் போதுமா என்பதற்குச் சிறுநீரின் நிறமே அளவுகோல், வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி.

முடிக்கும் நேரம்

நீண்ட நேரம் வேலை செய்வதன் கேடு முதுகோடு நிற்பதில்லை. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதயத்தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. வீட்டில் இந்த எல்லையைத் தாண்டுவது எளிது, ஏனென்றால் பதினைந்து பதினைந்து நிமிடமாகத்தான் தாண்டுகிறோம்.

முடிக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு புது வேலை எதையும் தொடாமல், பாதியில் இருப்பவற்றைக் குறித்து, நாளைய முதல்வரியை எழுதுங்கள். பிறகு லேப்டாப்பை மூடி அலமாரிக்குள் வையுங்கள்; தனி அறை இல்லாதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேசை சாப்பாட்டு மேசையாகவும் இருந்தால் கீபோர்டு, மவுஸ், புத்தக அடுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி வைத்துக்கொண்டால் காலையில் இரண்டு நிமிடத்தில் பழையபடி அமையும். திரையின் இடத்தையும் கால்பெட்டியின் இடத்தையும் ஒட்டுநாடாவால் அடையாளமிட்டுவிடுங்கள். அலுவலகச் செயலிகளை உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து நீக்க முடிந்தால் நீக்குங்கள். முடியாவிட்டால் மாலைக்கு மேல் அவற்றின் அறிவிப்பையாவது நிறுத்துங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் இரவில் தூக்கத்தைக் கலைத்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைப் பாருங்கள், பெரும்பாலும் மேசை விளிம்பிலோ கெட்டியான கைதாங்கியிலோ நாள் முழுக்க ஊன்றியிருப்பீர்கள். இரண்டு வாரம் அமைப்பை மாற்றிப்பார்த்தும் குறையாவிட்டாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ காத்திருக்காதீர்கள். முதுகுவலி முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப்போனால் காட்டவேண்டும். அதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே அவசரப்பிரிவுக்குப் போகவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்துவிடக்கூடாது, உடனே காட்டவேண்டும். தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் அதையும் வேலைக்களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலிக்காகப் போகும்போது, வழக்கமாக வேலை செய்யும் நிலையில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பக்கவாட்டிலிருந்து யாரையாவது படமெடுக்கச் சொல்லி எடுத்துப்போங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. எந்த மணிக்கு வலி தொடங்குகிறது, எந்தெந்த விரல், விடுமுறை நாளில் குறைகிறதா என்பதையும் எழுதிக்கொண்டால் பரிசோதனைக்கு அது பெரிதும் உதவும்.